தலையடியும் நம் தீர்ப்பும்

கை முறிந்தவன் கட்டுடன் வருவான். காண்பார் யாவரும் வழி விலகி நிற்பர். காய்ச்சலிற் கிடந்தெழுந்தவன் மெலிந்த முகத்தோடு வருவான். அவனுக்கு ஒருவர் நாற்காலி நகர்த்துவர், மற்றொருவர் தம் குறிப்பேட்டைக் கொடுத்துதவுவர். தலையில் அடிபட்டு மீண்டவனோ முன்போலவே வருவான். புண் ஆறி, மயிர் வளர்ந்து, தழும்பும் மறைந்திருக்கும். நேற்றுவரை அவன்பால் நமக்கிருந்த இரக்கம் இன்றோடு தீர்ந்துவிடும். பாடம் மறந்தால் சோம்பல் என்போம். சினந்தால் செருக்கு என்போம். உச்சிப்பொழுதிற் கண்ணயர்ந்தால் இரவெல்லாம் என்ன செய்தாய் என்று வினவுவோம். இவ்வழக்கம் தவறு என்பதே நாம் ஈண்டுக் கூறவந்தது. அதனை விளக்குதற்கு மூளையின் இயல்பைப் பற்றிச் சிறிது பேசவேண்டும்.

நாமும் இத்தவற்றினின்று நீங்கியவரல்லேம். சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பிற் பயின்ற மாணவர் ஒருவர், விடுமுறையில் ஊர் சென்றவிடத்து மோட்டார் சைக்கிளினின்று வீழ்ந்து நான்கு நாள் நினைவின்றிக் கிடந்தார். மூன்று திங்கள் கழித்துக் கல்லூரிக்கு மீண்டார். நடையிலும் பேச்சிலும் குறையொன்றும் காணப்படவில்லை. மருத்துவசாலையில் எடுத்த படத்திலும் பெரிதாக ஒன்றுமில்லையென்றே கூறியிருந்தனர். அப்பருவத்தின் இறுதியில் அவர்தம் அறிக்கையில் ‘ஊக்கமில்லை, கவனமில்லை’ என்று எழுதியது நம் கையே. அவர் அதனைப் படித்துவிட்டு நம் அறைக்கு வந்து, “ஐயா, கவனமில்லை என்பது மெய்தான். ஊக்கமில்லை என்பதை மட்டும் அடித்துவிடலாகாதா?” என்று கேட்டார். அவ்வினாவுக்கு அன்று நம்மிடம் விடையில்லை. அதன் பின்னரே இப்பொருளைப் பற்றிய நூல்களைத் தேடிப் படிக்கலானோம்.

மூளைக் காயத்தைப் பற்றிப் பேசப் புகுவார் பலரும் முதலில் எடுத்துரைக்கும் வரலாறு ஒன்றுண்டு. 1848-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள், அமெரிக்காவின் வெர்மான்ட் மாகாணத்தில் காவண்டிஷ் என்னும் ஊரருகே, இருப்புப்பாதை அமைப்பதற்காகப் பாறையை வெடிவைத்துப் பிளந்துகொண்டிருந்தனர். அவ்வேலையின் மேற்பார்வையாளர் ஃபினியஸ் கேஜ் என்பவர், வயது 25. வெடிமருந்தைக் கெட்டிக்கும் இருப்புக்கோல் எதிர்பாராத வெடியினால் மேலெழுந்து, அவருடைய இடக்கன்னத்தின் வழியே புகுந்து உச்சந்தலையின் வழியே வெளிப்பட்டது. கோலின் நீளம் 3 அடி 7 அங்குலம். எடை 13¼ பவுண்டு. கேஜ் இறக்கவில்லை. மாட்டு வண்டியில் அமர்ந்தவாறே ஊருக்குச் சென்று, வைத்தியரோடு பேசினார். அவருக்குச் சிகிச்சை செய்த ஜான் ஹார்லோ என்னும் வைத்தியர், 1868-இல் வெளியிட்ட கட்டுரையில், முன்பு பொறுப்பும் நிதானமும் உடையவராயிருந்த கேஜ் பொறுமையற்றவராயும், தகாத சொற் பேசுவாராயும் மாறினார் என்றும், பழைய நண்பர்கள் அவரை வேறொரு மனிதராகவே கருதினர் என்றும் குறித்தார்.

பாடநூல்கள் பெரும்பாலும் இவ்விடத்திலேயே கதையை நிறுத்திவிடும். ஆனால் கேஜ் அவ்விடத்தில் நின்றுவிடவில்லை. 1852-இல் அவர் தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டுக்குச் சென்று, பல ஆண்டுகள் நெடுந்தூரக் குதிரை வண்டிகளை ஓட்டிப் பிழைத்தார். விடியுமுன் எழுந்து குதிரைகளைப் பூட்டவேண்டும். மொழி தெரியாத நாட்டிற் பயணிகளோடு பழகவேண்டும். கரடுமுரடான பாதையிற் பல குதிரைகளை ஒருசேர நடத்தவேண்டும். பொறுப்பும் பொறுமையும் அறவே ஒழிந்த ஒருவரால் இது இயலுமோ? ஆஸ்திரேலிய அறிஞர் மால்கம் மாக்மில்லன் என்பார் பழைய ஆவணங்களைத் துருவி ஆராய்ந்து, ஹார்லோ வருணித்த குணக்கேடு காயத்தை அடுத்த காலத்திற்கே பொருந்துமென்றும், பின்னாளில் கேஜ் பெரிதும் சீர்ப்பட்டிருத்தல் வேண்டுமென்றும் எடுத்துக்காட்டினார். கேஜ் 1860-இல் வலிப்பு நோயால் இறந்தார். அவருடைய மண்டையோடும் அவ்விருப்புக்கோலும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் காட்சிச்சாலையில் உள்ளன. சில மாதத்து நடத்தையைக் கொண்டு ஒருவரது வாழ்நாள் முழுதுக்கும் தீர்ப்பெழுதி, அதனை நூற்றைம்பது ஆண்டு மாணவர்க்கு ஓதிவந்தோம். நாமும் ஓதியிருக்கிறோம்.

கேஜின் மண்டையோட்டை அளந்து 2012-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் ஒரு கணக்கிட்டனர். மூளையின் மேற்புறத்துச் சாம்பற்பொருளில் அவர் இழந்தது ஏறக்குறைய நூற்றுக்கு 4 பங்கு. ஆனால் உள்ளிருக்கும் வெண்பொருளில், அஃதாவது ஒரு பகுதியை மற்றொன்றோடு பிணைக்கும் நரம்பிழைகளில், ஊறுற்றது நூற்றுக்கு 11 பங்கு. கோல் துளைத்த இடத்தினும் அது துண்டித்த இணைப்புகளே மிகுதி என்பதாயிற்று.

நம் மாணவர் தலையை எந்தக் கோலும் துளைக்கவில்லையே, மண்டையோடு கூட உடையவில்லையே எனின், அதற்கும் விடையுண்டு. மூளை மிக மெல்லிய பொருள். 1943-இல் ஆக்ஸ்போர்டில் ஹோல்போர்ன் என்னும் பௌதிக அறிஞர், மண்டையோட்டின் வடிவமாகச் செய்த அச்சில் ஜெலட்டின் பாகை உறையவிட்டு, அதனைத் திடீரெனத் திருப்பிப் பார்த்தார். உறைந்த பாகின் உட்பகுதிகள் ஒன்றன்மேலொன்று வழுக்கி இழுபட்டன. தலை சட்டெனச் சுழலும்போது மூளைக்குள்ளும் இவ்வாறே நிகழ்கிறது. 1956-இல் சபீனா ஸ்டிரிச் என்னும் வைத்திய அம்மையார், தலையடிக்குப் பின் நெடுநாள் அறிவிழந்து கிடந்து இறந்தோரின் மூளைகளைச் சோதித்து, வெண்பொருள் எங்கும் இழைகள் அழிந்திருந்ததைக் கண்டார். இவ்விழைகளுட் பல அடிபட்ட கணத்திலேயே அறுவதில்லை என்பது பின்னர்த் தெரியவந்தது. இழுபட்ட இழையினுள் பொருள்கள் செல்லும் ஓட்டம் தடைப்பட்டு, அவ்விடம் வீங்கி, சில மணி நேரமோ சில நாளோ கழித்தே அது அறுபடுகிறது. இழை மிக நுண்ணியதாதலின் சாதாரண சி.டி. படத்திற் புலப்படுவதில்லை. படத்தில் ஒன்றுமில்லை என்பதற்கு மூளையில் ஒன்றுமில்லை என்று பொருளன்று.

(இடையே ஒரு சொல். ஆக்ஸ்போர்டில் ஹியூ கெயின்ஸ் என்னும் சத்திரவைத்தியர், மோட்டார் சைக்கிளில் விரையும் இராணுவத்தூதர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை 1941-இலேயே எழுதினார். நம் கல்லூரி வாயிலில் தினமும் காணும் தலைக்கவசங்களோ வண்டியின் கைப்பிடியில் தொங்குகின்றன. அவை கைப்பிடியை நன்கு காக்கும்.)

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உண்டு. அவை தனித்தனியே தொழில் செய்வனவல்ல. தொலைவிலுள்ள பகுதிகள் பல ஒன்றுகூடி ஒரு பின்னலாய் இயங்குகின்றன. அவற்றுள் ஒரு பின்னல் விந்தையானது: நாம் வேலையொன்றுமின்றி வாளா இருந்து, நடந்தவற்றையும் நடக்கவிருப்பவற்றையும் நினைந்துகொண்டிருக்கும்போது அது ஊக்கமுறும், ஒரு கணக்கையோ பாடத்தையோ கையிலெடுத்தவுடன் அடங்கும். அமெரிக்க அறிஞர் மார்க்கஸ் ரெய்க்லே முதலானோர் 2001-இல் இதனைத் தெளிவாக வரையறுத்தனர். அது அடங்கவேண்டிய காலத்தை உணர்த்துவது வேறொரு பின்னல். இவ்வேறு பின்னலின் உறுப்புகளை இணைக்கும் வெண்பொருள் இழைகள் ஊறுபட்டோர்க்கு, முதற்பின்னல் உரிய காலத்தில் அடங்குவதில்லை என்பதை இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆராய்ச்சியாளர் 2012-இல் காட்டினர். பாடம் கேட்க அமர்ந்தவனுடைய மனம் அவன் ஆணைக்கு அடங்காமல் வேறெங்கோ திரிகிறது. அவன் முயலாமலில்லை. முயற்சியைக் கொண்டுசெல்லும் வழி பழுதுபட்டிருக்கிறது. ‘கவனமில்லை’ என்பதையும் ‘ஊக்கமில்லை’ என்பதையும் நம் மாணவர் வேறுபிரித்தது எத்துணைச் சரி!

இனி மீட்சியைப் பற்றிக் கூறுவோம். ஸ்பெயின் நாட்டுப் பேரறிஞர் ராமோன் இ காஹால், வளர்ந்து முதிர்ந்த மூளையின் வழிகள் நிலைத்துவிட்டவை, அழிந்தது மீண்டும் தோன்றாது என்று முதல் உலகப்போருக்குச் சற்றுமுன் எழுதினார். இக்கடுந்தீர்ப்பை மாற்றுதல் வருங்கால அறிவியலின் கடமை என்றும் உடன் சேர்த்தார். முன்பாதியை எல்லோரும் மனனம் செய்தனர், பின்பாதியை மறந்தனர். அழிந்த நரம்பணு மீளாமை பெரும்பாலும் மெய்யே. எனினும் மீட்சிக்கு வழிகள் வேறு உள. முதலாவது, ஓரிடம் ஊறுபட்டால் அதனோடு பிணைந்த தொலைவிடங்களும் தாம் ஊறுபடாமலே செயலற்றுப்போகும். இதனை ஃபான் மோனகோ என்பார் 1914-இல் விளக்கினார். வீக்கம் வடிந்து நாட்கள் செல்ல, உறங்கிய அவ்விடங்கள் விழிக்கின்றன; முதல் வாரங்களில் நாம் காணும் விரைந்த முன்னேற்றத்திற்கு இஃதொரு காரணம். பின்னர், எஞ்சிய இழைகள் புதுக்கிளை விடுகின்றன; பழைய இணைப்புகள் வலுப்பெறுகின்றன; முன்பு அத்தொழிலில் சிறுபங்கே கொண்டிருந்த பகுதிகள் பெரும்பங்கு ஏற்கின்றன. பயிற்சியின்றி இவை செம்மையாக நிகழ்வதில்லை.

ஆற்றுப்பாலம் இடிந்தபின் வண்டிகள் ஊர்ச்சந்துகளில் நுழைந்து சுற்றிப் போவதுண்டு. ஊர் போய்ச் சேரலாம். ஆயினும் நேரம் மிகும், மாடு களைக்கும். அடிபட்ட மூளையிலும், காயத்திற்குப் பின் பின்னல்களுள் சிலவற்றில் இணைப்பு குறையாமல் மிகுவதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். முன்பு எளிதாய் முடிந்த வேலைக்கு இப்போது மூளை மிகுதியாய் உழைக்கவேண்டியிருக்கிறது. அந்த உழைப்பின் விலைதான் உச்சிப்பொழுதின் களைப்பு என்று நாம் கருதுகிறோம்.

எஞ்சிய வழிகொண்டு ஒருவன் எத்துணை தூரம் போகலாம் என்பதற்கு ரஷ்யப் போர்வீரர் சஸெட்ஸ்கி சான்று. 1943-இல் ஸ்மோலென்ஸ்க் அருகே தோட்டா அவர் தலையின் இடப்பக்கத்துப் பின்பகுதியைத் துளைத்தது. எழுத்துகளை அடையாளம் காணவும் இயலாதவரானார். அலெக்ஸாந்தர் லூரியா என்னும் உளநூல் வல்லுநர் அவரை நெடுங்காலம் கவனித்துவந்தார். ஒவ்வோரெழுத்தாய் நினைந்து நினைந்து எழுதமாட்டாதவர், கையைத் தூக்காமல் சொல்லை முழுமையாய் ஓடவிட்டால் எழுத இயல்வதை ஒருநாள் உணர்ந்தார். எழுத்தை எண்ணும் வழி அறுந்திருந்தது. கைப்பழக்கத்தின் வழி அறுபடவில்லை. அவ்வழியைப் பற்றிக்கொண்டு இருபத்தைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 3,000 பக்கம் தம் வரலாற்றை எழுதினார். தாம் எழுதியதையே வாசிக்க அவர் திணறினார் என்பதையும் மறைக்கவேண்டுவதில்லை. முழுமீட்சி எல்லார்க்கும் வாய்ப்பதன்று; அதனை உறுதிசொல்லிப் பணம் பறிக்கும் மருந்துக்காரரை நம்பவும் வேண்டா.

ஆயினும் முடிவு காணுமுன் கணக்கை மூடுதல் தகாது. அமெரிக்காவில் பல மருத்துவசாலைகள் கூடி ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அடிபட்டு இரண்டு வாரமாகியும் சூழலை உணரும் அறிகுறியின்றிக் கிடந்த 79 பேரில் 62 பேர் ஓராண்டுக்குள் உணர்வு பெற்றனர். லேசான அடியோ பெரும்பாலார்க்குச் சில வாரங்களில் தீர்ந்துவிடும். அவர்களைப் பல நாள் இருட்டறையில் அடைத்துவைத்தலும் இக்காலத்து முறையன்று. ஓரிரு நாள் ஓய்வு, பின் படிப்படியாக நடையும் படிப்பும் என்பதே விளையாட்டுக் காயங்களைப் பற்றி ஆம்ஸ்டர்டாமிற் கூடி 2023-இல் நிபுணர் வெளியிட்ட அறிவுரை.

ஆதலின் நம் கல்லூரியார்க்கு நாம் வேண்டுவது இது. தலையில் அடிபட்டு மீளும் மாணவரை முதல்நாளே ஐந்து மணி நேரப் பாடத்தில் அமர்த்தாது, ஒன்றிரண்டு பாடத்திலிருந்து தொடங்க இசைதல் வேண்டும். பாடக்குறிப்பை எழுதித் தருதலும், தேர்வில் கூடுதல் நேரமும் இரைச்சலற்ற அறையும் அளித்தலும் பெரும் செலவல்ல. ஆறு மாதம், ஓராண்டு என்று எல்லை குறித்து, அதற்குள் தேறாதவரைப் பெயர் நீக்கும் விதியை இவர்கள்பால் தளர்த்தல் வேண்டும். இதனைச் சாக்காகக் கொண்டு சோம்பேறிகள் புகுந்துவிடுவர் என்பார் ஆசிரியருள் உளர். சிலர் புகலாம். வைத்தியரின் சான்று கேட்போம். அதற்குமேலும் ஒருவன் ஏமாற்றினால் நாம் இழப்பது ஒரு மணி நேரத் தேர்வுக் காவல். மெய்யாகவே ஊறுபட்டவனைச் சோம்பேறி என்றால் அவன் இழப்பது அதனினும் மிகப் பெரிது. நண்பர்கள் செய்யத்தக்கதும் உண்டு: ஒரே நேரத்தில் நால்வர் அவனைச் சூழ்ந்து பேசாதிருத்தல், சொன்னதை அவன் மறந்தால் நகையாது மறுமுறை சொல்லுதல்.

நம் மாணவர் ஓராண்டு தாமதித்துத் தேர்வெழுதித் தேறினார். இப்போது ஒரு பள்ளியில் கணக்கு கற்பிக்கிறார். நண்பகலில் அரைமணி நேரம் தனியே கண்மூடியிருக்கும் வழக்கம் இன்னும் உண்டென்றும், தலைமையாசிரியர் அதற்கென நூல்நிலையத்தின் உள்ளறையைத் திறந்துவிடுகிறாரென்றும் சென்ற ஆடியில் எழுதியிருந்தார். அக்கடிதம் வந்த அன்று அலுவலகத்திற்குச் சென்று அவருடைய பழைய அறிக்கையைத் தேடியெடுத்தோம். முதற்சொல்லை அடித்து, அருகே கையொப்பமும் தேதியும் இட்டோம்.