சாடியிலிருந்து புட்டிக்கு

சங்கப் பாடல்களில் கள்ளைக் குறிக்கும் சொற்களை நாம் பெரும்பாலும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். அரியல், தேறல், பிழி, தோப்பி என எது வந்தாலும் 'கள்வகை' என்று ஓர் அடிக்குறிப்பு. அத்தோடு வாசிப்பு நகர்ந்துவிடுகிறது. இவை ஒரே பொருளின் வெவ்வேறு பெயர்கள் அல்ல, ஒரு செய்முறையின் படிநிலைகள் என்றே நமக்குத் தோன்றுகிறது. அரித்தெடுத்தது அரியல். வண்டல் அடியில் தங்கத் தெளிந்து நின்றது தேறல். பிழிந்தது பிழி. நெல்லிலிருந்து வீட்டில் ஆக்கியது தோப்பி. இந்த வேறுபாடுகள் அகராதிக்காரரைவிட, முதன்முதலாக வீட்டில் பீர் ஆக்கி அதைப் புட்டியில் அடைக்கத் தயங்கி நிற்கும் ஒரு கற்றுக்குட்டிக்கு நன்றாக விளங்கும். தமிழ்நாட்டில் அப்படியொருவர் சட்டப்படி இருக்க முடியாது என்பது வேறு செய்தி.

சென்னையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் காஞ்சிபுரம் செல்லும் சாலை இன்று கார்த் தொழிற்சாலைகளின் சாலை. அது சென்றடையும் காஞ்சிதான் தொண்டைமான் இளந்திரையனின் ஊர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் பாணனை அனுப்பிவைக்கும் ஊர். அந்தப் பாட்டில் வலைஞர் குடியிருப்பைச் சொல்லும் இடத்தில் ஒரு முழுச் செய்முறை இருக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகக் காய்ச்சுகிறார்கள். வாயகன்ற தட்டில் ஊற்றி ஆற்றுகிறார்கள். நெல்முளையை இடித்துச் செய்த அடையைக் கலக்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய விடுகிறார்கள். வலிய வாயுள்ள சாடியில் முற்றவைத்து, விரலால் அலைத்து வடிக்கிறார்கள்.

முளைவிட்ட தானியம் என்றால் மால்ட். மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும் நொதிகள் முளையில்தான் உண்டாகின்றன. இன்று வெளிநாடுகளில் விற்கும் பீர் கிட்டின் தகர டப்பாவில் இருப்பதும் முளைகட்டிய பார்லியின் சாறுதான். ஹாப்ஸ் சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சியது. கூடவே ஒரு பொட்டலம் ஈஸ்ட். சுமார் 23 லிட்டர் வரும்படி நீர் சேர்த்து, ஆறிய பிறகே ஈஸ்டைத் தூவ வேண்டும். சூட்டில் அது செத்துவிடும். புலவர் ஆற்றுவதைத் தனியே குறிப்பிட்டது அணிக்காக அல்ல. டப்பாவின் குறிப்பு 20 பாகை வெப்பத்தில் ஒன்றிரண்டு வாரம் கேட்கும். ஒரகடத்தின் சித்திரை வெயிலில் அதே நொதித்தல் மிக விரைவாக நடந்துவிடும், மணமும் கெடும். இளசாகவே குடித்துவிடுவதென்றால் பாட்டின் இரண்டு நாள் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் பாட்டில் இல்லாத ஒன்று புட்டி. கற்றுக்குட்டியின் அச்சமெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. நொதித்தல் நின்றுவிட்டதா? ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டினால் நின்றுவிட்டது. நிற்பதற்குள் மூடினால் புட்டி வெடிக்கும். நுரைக்காகச் சேர்க்கும் சர்க்கரை லிட்டருக்கு ஆறு கிராம் அளவில் இருக்கவேண்டும். கை தாராளமானால் அப்போதும் வெடிக்கும். அடியில் படியும் வெண்ணிற வண்டல் கெட்டுப்போனதன் அடையாளமோ என்றால், இல்லை, உறங்கும் ஈஸ்ட். அசைக்காமல் ஊற்றினால் மேலே வருவது தேறல். சாடிக்கு இந்தக் கவலைகள் இல்லை, ஏனெனில் அதை யாரும் இறுக மூடி மாதக்கணக்கில் சேமிக்கவில்லை. வந்த விருந்துக்கு வடித்துக் கொடுத்தார்கள்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது முதல் இப்பகுதிக்கு வந்து வாழும் கொரியர்களுக்கு இந்த அரியல், தேறல் வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. அவர்களுடைய மக்கொல்லி என்ற அரிசிக்கள்ளின் பெயருக்கே 'மேலோட்டமாக அரித்தது' என்று பொருள். தெளிந்ததற்கு வேறு பெயர். அங்கும் வீட்டு வடிப்பு ஜப்பானியர் ஆட்சியில் முதலில் வரிக்கும், 1934இல் முழுத் தடைக்கும் உள்ளாகி, 1995இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடையில் இரண்டு தலைமுறை. பிரிட்டன் 1963இல் வீட்டு பீருக்கான உரிமத்தை நீக்கியது. அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார்.

இங்கே 1937இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. உரிமமின்றி ஆக்குவது மட்டுமல்ல, ஆக்குவதற்கான பாத்திரத்தை வைத்திருப்பதும் குற்றம். 1987 முதல் கள்ளுக்கும் தடை. அதே மாநிலத்தில் 2003 முதல் அரசே சில்லறைக் கடை நடத்துகிறது. ஆக, குடிப்பது குற்றமில்லை. எப்படி உண்டாகிறது என்று அறிந்திருப்பதுதான் குற்றம். விளைவு, அத்தனை சொற்கள் இருந்த மொழியில் இன்று மிஞ்சியிருப்பது 'சரக்கு'.

குடியால் அழிந்த குடும்பங்களை நாமும் அறிவோம். மதுவிலக்குக் கேட்கும் பெண்களின் கோபத்தை இலக்கியம் பேசிக் கடந்துவிட முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டபின் சட்டம் கடுமையானதையும் நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். களியையும் முளையையும் நொதிக்கவைத்தால் உயிர் குடிக்கும் அளவுக்கு மெத்தனால் உண்டாவதில்லை. இரண்டையும் ஒரே பிரிவில் அடைப்பது, அடிக்குறிப்பில் எல்லாவற்றையும் 'கள்வகை' என்று எழுதுவதைப் போன்ற சோம்பல். விற்பனைக்கன்றி, சிறு அளவுக்கு வரம்பிட்டு வீட்டு வடிப்பை அனுமதிப்பதில் நமக்குத் தடை தெரியவில்லை. அமெரிக்கச் சட்டம் வீட்டுக்கு ஆண்டொன்றுக்கு 200 காலன் என்கிறது. நமக்கு அதில் பத்திலொரு பங்கு போதும்.

அசாமில் திமாசா மக்கள் வீட்டில் ஆக்கும் ஜூடிமா என்ற அரிசிக்கள் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. அதற்கான நொதிக்கட்டியை அவர்கள் ஹுமாவ் என்கிறார்கள்; அரிசிமாவோடு ஒரு மரப்பட்டையை இடித்துச் சேர்த்துத் தட்டுகிறார்கள். பெரும்பாணாற்றுப்படையின் அடையை அப்படித் தட்டிக் காட்டத் தெரிந்தவர் காஞ்சிப் பக்கத்தில் எவரேனும் இன்னும் இருந்தாலும், இப்போதுள்ள சட்டத்தில் நம்மிடம் சொல்லமாட்டார்.