கூடி அழ ஓர் இடம் வேண்டும்

கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் இறந்தால் நம் ஊரில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அரசு மருத்துவமனைப் பிணவறை முன்பு கூட்டம் கூடும். வழக்குப் பதியும்வரை உடலை வாங்க மாட்டோம் என்று உறவினர்கள் மறியலில் அமர்வார்கள். அதிகாரிகள் வந்து பேசுவார்கள். பொழுது சாய்வதற்குள் போலீஸ் பாதுகாப்போடு உடல் சுடுகாட்டுக்குப் போய்விடும். நம் சாவு வீடுகளில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, கட்டிக்கொண்டு அழுது, ஒப்பாரி சொல்லி இறக்கிவைக்கும் பாரம் அந்த வீட்டில் மட்டும் இறங்குவதே இல்லை. காரியம் முடிந்ததும் ஊரும் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது.

இப்படி வீட்டு ஆளை இழந்த சில குடும்பங்களோடு அண்மையில் ஒரு சனி, ஞாயிறு தங்கியிருந்தோம். மேடை இல்லை, மைக் இல்லை. பாய் விரித்து உட்கார்ந்தோம். பிள்ளைகளைக் கல்லூரி மாணவர்கள் பார்த்துக்கொண்டார்கள். வெகுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெண் சொன்னார்: “குடிச்சிட்டு அவரா இறங்கிட்டாருன்னு கான்ட்ராக்டர் சொன்னாரு. நானும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்.” எதிரே இருந்தவர் நிமிர்ந்தார். “எங்க வீட்லயும் அதைத்தானே சொன்னாங்க?” மூன்றாமவருக்கும் அதே வார்த்தை சொல்லப்பட்டிருந்தது. ஊரும் ஒப்பந்தக்காரரும்தான் வேறு வேறு.

அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. அது வெறும் துக்கம் அல்ல. ‘நம் வீட்டு ஆள் மேல்தான் தப்போ’ என்று இத்தனை நாள் சுமந்த குற்ற உணர்வும் சேர்ந்து கரைந்தது. தனியாக அழுபவருக்கு அது தலைவிதியாகத் தெரிகிறது. பத்துப் பேர் சேர்ந்து அழும்போது அதன் பின்னால் இருக்கும் சாதி தெரிகிறது.

போராட வேண்டிய நேரத்தில் ஆறுதல் எதற்கு என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதுவரை சாட்சியாக நிற்க வேண்டியவர் அந்தப் பெண்தான். தப்பு தன் கணவர் மேல் என்று நம்புகிறவர், நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். தேறிய மனம்தான் நீதிமன்றப் படி ஏறும்.

இரண்டாம் நாள் அதைக் கண்ணால் பார்த்தோம். பிளாஸ்டிக் பையில் மடித்துவைத்திருந்த முதல் தகவல் அறிக்கைகள் வெளியே வந்தன. மாணவர்கள் வரி வரியாகப் படித்துச் சொன்னார்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒருவரைத் தொட்டியில் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை உண்டு. 1993 முதல் நடந்த சாவுகளுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இதைக் கேட்டதும் ஒரு தாய், மனு எழுதித் தரச் சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேருக்காக ஆண்டுதோறும் டிசம்பர் 25இல் கூடுகிறோம். மேலவளவில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களுக்காக ஜூன் 30இல் கூடுகிறோம். அந்த நாட்கள் நம் அரசியலுக்கு உயிர். ஆனால் அங்கே வீரவணக்கம் செலுத்தலாம், முழக்கமிடலாம். மனம்விட்டு அழ நேரம் இருக்காது.

அதற்கென்று தனியாக இரண்டு நாள் வேண்டும். பெரிய செலவு இல்லை. சமுதாயக்கூடம் இருக்கிறது, வீட்டுக்கு ஒருபடி அரிசி போட்டால் சோறு ஆகிவிடும். படித்த பிள்ளைகள் சட்டத்தை எடுத்துச் சொல்லட்டும். பறிகொடுத்து, மீண்டு நிற்கும் ஒரு பெண்ணை முதலில் அழைத்துவாருங்கள். நேற்று தாலியை இழந்தவளிடம் “நானும் இப்படித்தான் இருந்தேன், இப்போ வழக்கை நடத்துறேன்” என்று சொல்லும் உரிமை அவருக்கே உண்டு.