நாலு மழை கழுவாத பாறை

“நாலு மழை நல்லா பேஞ்சா எல்லாம் சரியாயிடும்.” பதினோரு வருடத்துக்கு முன்னால், எங்கள் பக்கத்து விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்தில் ஓர் அதிகாரி சொன்னது. ஒரு பெரியவர் தன் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டுவந்து அவர் மேஜைமேல் வைத்திருந்தார். லேசான மஞ்சள் நிறம். அதிகாரி அந்தப் பாட்டிலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மழையைச் சொல்லிவிட்டு இன்னும் இரண்டு சேர்த்தார்: “தண்ணி கிணத்துக்குக் கிணறு மாறும், ஒண்ணை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டை வெளிய விட்டா ஜனங்க பயந்துடுவாங்க.”

அன்றிலிருந்து இந்த மூன்று வாக்கியங்களையும் மேடையில் கேட்கிறேன், பேட்டியில் படிக்கிறேன், டீக்கடையில்கூடக் கேட்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் ஆலைகள் இருக்கும் ஊர்களில் எல்லாம் இதுதான் வேதவாக்கு. மூன்றும் தவறு. மூன்றாவது தவறு மட்டுமல்ல, அநியாயம்.

மழையிலிருந்து தொடங்குகிறேன். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை எல்லோரும் பார்த்தோம். நாலு மழை என்ன, நாற்பது மழைத் தண்ணீர் போனது. அதற்குப் பிறகும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்த ஊர்கள் அடங்கிய வேலூர்ப் பகுதியின் தோல் ஆலைக் கழிவு விவகாரத்தில் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. மழையே கழுவியிருந்தால் நீதிமன்றத்துக்கு அங்கே என்ன வேலை?

ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடிப்போன குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவு லட்சம் டன்னுக்கும் மேல். 2006இல் உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது. இப்படிக் குவிந்து கிடக்கும் கழிவிலிருந்து தண்ணீரில் எளிதாகக் கரைவது ஆறு இணைதிறன் குரோமியம், மஞ்சள் நிறம் கொண்டது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தரநிர்ணயம். கழிவின்மேல் பெய்யும் மழை அதைக் கரைத்துக்கொண்டு நிலத்துக்குள் இறங்குகிறது. மழை கழுவுவது குவியலை. கழுவிய தண்ணீர் வந்து சேர்வது நம் கிணற்றுக்கு.

உள்ளே போனது ஏன் வெளியே வர மறுக்கிறது? ஆற்று மணலாக இருந்தால் தண்ணீர் எல்லாப் பக்கமும் சீராக நகரும். தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலத்துக்கு அடியில் கெட்டிப் பாறை. மேலே கொஞ்சம் மக்கிய பாறை, அதன்கீழ் உடையாத கல், நடுநடுவே வெடிப்புகள். அந்தக் கல்லுக்குள் தண்ணீர் வெடிப்புகளில் மட்டும்தான் நடக்கிறது. பெரிய வெடிப்பில் மழைத் தண்ணீர் வேகமாக ஓடிவிடும். மயிரிழை வெடிப்பிலும், முட்டுச் சந்திலும், மக்கிய சுவரிலும் ஊறிப்போன நஞ்சு அப்படியே தங்கிவிடும். மஞ்சள் அரைத்த அம்மியை நாலு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பாருங்கள். வழியும் தண்ணீர் தெளிந்துவிடும். மறுநாள் அதில் தேங்காய் அரைத்தால் துவையல் மஞ்சளாக வரும்.

பாறையும் அந்த அம்மி மாதிரிதான். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்து வெஸ்ட் ட்ரென்டனில் ஜெட் எஞ்சின்களைச் சோதித்த கடற்படை மையம் ஒன்று இருந்தது. அங்கே வெடிப்புப் பாறைக்குள் இறங்கிய கரைப்பானை 1990களின் நடுவிலிருந்து பம்ப் போட்டு இறைத்துச் சுத்திகரித்தார்கள். ஆண்டுக்கணக்காக இறைத்தும் தீரவில்லை. அமெரிக்க நில அளவாய்வுத் துறை பாறையையே துளைத்து எடுத்துப் பார்த்தபோது, நஞ்சு கல்லுக்குள்ளேயே ஊறியிருந்தது, வெடிப்புத் தண்ணீருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. மோட்டாரால் இறைத்தும் தீராததை மழை தீர்க்கும் என்கிறார்கள்.

“போர்வெல்லை இன்னும் ஆழமாப் போடுங்க” என்பது இதன் பக்கவாட்டு அறிவுரை. மக்கிய பாறை முடியும் இடத்தோடு கேசிங் பைப்பை நிறுத்திவிட்டு, கீழே ஐந்நூறு அறுநூறு அடி திறந்த துளையாக விடுகிறோம். மேல் வெடிப்பில் இருக்கும் கெட்ட தண்ணீருக்குக் கீழ் வெடிப்புக்கு நாமே வழி வெட்டிக் கொடுக்கிறோம் என்பதுதான் அதன் பொருள்.

இப்போது “கிணத்துக்குக் கிணறு மாறும்” என்ற வாதம். என்னை அதிகம் கோபப்படுத்துவது இதுதான். மாறுவது நிஜம். எங்கள் சித்தப்பா கிணற்றுக்கும் பக்கத்து நிலத்து போருக்கும் நடுவே அறுபதடிதான். சித்தப்பா பாய்ச்சிய தென்னையில் கீற்று நுனி கருகி நின்றது, பக்கத்தில் வாழை பச்சையாக இருந்தது. அந்த போரைப் போட்ட அன்று நான் ரிக் வண்டி அருகில்தான் நின்றிருந்தேன். நூற்றைம்பது அடி வரை வெறும் புகை. நூற்றெழுபதில் கல் தூளின் நிறம் மாறியது, ஈரம் தட்டியது, சட்டென்று ஊற்று பீறிட்டது. ரிக் ஓட்டுநர் தன் நோட்டில் மூன்று எண் எழுதினார்: கேசிங் எத்தனை அடி, ஊற்று எத்தனை அடியில், மொத்தம் எத்தனை அடி. எழுதிய நோட்டு அவர் பையோடு அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

ஒரு கிணறு ஒன்றும் சொல்லாது என்றால், நூறு கிணற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதிகாரி எடுத்த முடிவோ ஒன்றையுமே பார்க்க வேண்டாம் என்பது. வெஸ்ட் ட்ரென்டனில் ஒரு துளையில் பம்பை ஓட்டிவிட்டு, சுற்றியுள்ள துளைகளில் நீர்மட்டம் எங்கே இறங்குகிறது என்று அளந்தார்கள். எந்த வெடிப்பு எதோடு சேர்கிறது என்று அப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நம் ஊரில் அந்தச் சோதனை தினமும் நடக்கிறது. “நீ மோட்டார் போட்டா எங்க கிணறு இறங்குது” என்று வரப்பில் நின்று போடும் சண்டை வேறு என்ன? ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிணறு இறங்கும், ஒட்டியிருக்கும் கிணறு அசையாது. பாறைக்குள் ஓடும் வெடிப்பின் வரைபடம் அது. ஊரில் எல்லோருக்கும் ஒரு துண்டு தெரியும். யாரும் அதைக் கேட்டு எழுதி ஒன்றாக ஒட்டியதில்லை.

வரைபடம் இல்லாமல் சுத்திகரிப்பு இல்லை. குரோமியத்தை அடக்க வழி இருக்கிறது. இரும்பு சல்பேட் கரைசலையோ, நுண்ணுயிர்களுக்குத் தீனியாக மொலாசஸையோ நிலத்தடியில் செலுத்தினால், கரையும் குரோமியம் கரையாத மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாறி அங்கேயே படிந்துவிடும். ஆனால் செலுத்தும் மருந்து வெடிப்பு போகும் வழியில்தான் போகும். எந்தக் கிணறு எதோடு சேர்ந்தது என்று தெரியாமல் ஊற்றினால், மருந்து ஒரு பக்கம் போகும், நஞ்சு இன்னொரு பக்கம் கிடக்கும். கிணற்று விவரத்தைப் பெட்டியில் பூட்டிவைப்பவர், தெரிந்தோ தெரியாமலோ சுத்திகரிப்பைத்தான் பூட்டிவைக்கிறார்.

கடைசியாகப் பயம். சொன்னால் நில விலை விழும் என்பார்கள். விழட்டும், விலைக்காகக் குழந்தைக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்க முடியாது. ஜனங்கள் ஏற்கெனவே பயந்துதான் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். மறைத்ததால் யாருடைய பயமும் குறையவில்லை.

சொன்னதால் என்ன நடந்தது என்பதற்கும் சான்று இருக்கிறது. திண்டுக்கல் பகுதியின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு கிணறு கிணறாகக் கணக்கெடுத்தது. 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. வேலூர்ப் பக்கம் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்று வேளாண் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. இந்த இரண்டு கணக்கும் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் ஏறின. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது. அந்த 350 கிணறுகளின் கணக்கை யாராவது பீதி வரும் என்று அலமாரியில் வைத்திருந்தால் நீதிபதிகள் முன்னால் என்ன இருந்திருக்கும்?

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். தமிழ்நாட்டில் அன்று கிராம சபை கூடுகிறது. உங்கள் போரின் ஆழம், கேசிங் எத்தனை அடி, ஊற்று எத்தனையாவது அடியில், யார் மோட்டார் போட்டால் உங்கள் தண்ணீர் இறங்குகிறது என்ற நாலு வரியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பக்கத்து வீட்டாரையும் எழுதச் சொல்லுங்கள். ஊர்க் கிணறுகளில் எடுத்த தண்ணீர் மாதிரிகளின் சோதனை முடிவு அத்தனையும் கிணற்றுவாரியாக ஊராட்சிப் பலகையில் ஒட்டப்பட வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்திருக்காதீர்கள்.