காத்திருக்கத் தெரிந்த பழம்

ஜூலை பிறந்தால் சித்தூர் மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டிவிடும். ஏற்றி வருவது தோத்தாபுரி. தமிழ்நாட்டில் கிளிமூக்கு என்போம். 2025 பருவத்தில் இந்த வரிசை பல இடங்களில் நாள்கணக்கில் நின்றது. ஆலை கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், மேலே 4 ரூபாய் நாங்கள் தருகிறோம் என்று ஆந்திர அரசு அறிவித்தது. அந்த 8 ரூபாயே கைக்கு வரவில்லை என்று பல விவசாயிகள் புலம்பினார்கள். வெயிலில் நின்ற பழம் பேச்சுவார்த்தை முடியும்வரை பொறுக்குமா? அழுகியது.

சித்தூரிலிருந்து பலமநேர், முல்பாகல், கோலார் என்று மேற்கே போனால் நந்தி மலை. அங்கே தொட்டபல்லாபூர் பக்கம் வேறொரு பழத்தின் கதை நடக்கிறது. மும்பைத் தொழிலதிபர் கன்வல் குரோவர், ஷாம்பேன் பகுதி நிபுணர் ஜார்ஜ் வெஸலின் துணையோடு பிரெஞ்சுத் திராட்சை வகைகளை இந்திய மண்ணில் நட்டுப் பார்த்தார். நிறுவனம் 1988இல் தொடங்கியது. முதல் ஒயின் வெளிவந்தது 1992இல். பிறகு போர்தோவின் புகழ்பெற்ற ஆலோசகர் மிஷல் ரோலான் வந்தார். காபர்னே சோவின்யோன், ஷிராஸ் இரண்டும் கலந்து ஓக் பீப்பாயில் ஊறிய ‘லா ரிசர்வ்’ அந்தத் தோட்டத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது. 2012இல் நாசிக் பக்கத்து நிறுவனம் ஒன்றோடு இணைந்து அது குரோவர் ஜம்பா ஆயிற்று.

திருப்பதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒயின் பற்றியா என்று முகம் சுளிக்க வேண்டாம். மலைமேல் மதுவுக்கு இடமில்லை, அது அப்படியே இருக்கட்டும். யாரையும் குடிக்கச் சொல்லவும் இல்லை. நான் பேச வந்தது காலத்தைப் பற்றி.

தமிழில் மதுவுக்குள்ள பழம்பெயர்களில் ஒன்று தேறல். தேறுதல் என்றால் தெளிதல். யவனர் கொண்டுவந்த தேறலை அருந்தி மகிழும்படி பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவது புறநானூற்றின் 56ஆம் பாட்டில் இருக்கிறது. சிவப்பு ஒயின் நாள்படத் தெளிவதன் ரகசியம் திராட்சைத் தோலில் இருக்கிறது. தோலின் துவர்ப்பும் நிறமும் ஆண்டுகள் செல்லச் செல்ல ஒன்றோடொன்று கூடி அடியில் வண்டலாகப் படியும். நாக்கைப் பிடித்த துவர்ப்பு மெல்ல மிருதுவாகும். இதற்குப் பழத்தில் புளிப்பு குறையாமல் இருக்க வேண்டும். நந்தி மலையின் குளிர்ந்த இரவு அதற்கு உதவுகிறது. ஆனாலும் உலகில் பெரும்பாலான ஒயின் சில ஆண்டுகளுக்குள் குடித்துவிட வேண்டியதுதான். பத்தாண்டுகள் தாங்குபவை மிகச் சில.

அந்தச் சிலவற்றில் ஒன்று போர்தோவின் பொய்யாக்கில் விளையும் ஷாத்தோ லத்தூர். ஜிரோந்து ஆற்றுமுகத்தின் கரையில், கூழாங்கல் நிலத்தில் உள்ள தோட்டம். 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காகத் தரகர்கள், சந்தை விலையைப் பார்த்து, தோட்டங்களைத் தரம் பிரித்தபோது முதல் தரம் பெற்ற நான்கில் இதுவும் ஒன்று. போர்தோவில் ஒரு வழக்கம் உண்டு: ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே முன்பணம் வாங்கி விற்றுவிடுவார்கள். இந்த முறையிலிருந்து விலகுவதாக லத்தூர் 2012இல் அறிவித்தது. குடிக்கும் பக்குவம் வந்ததென்று தாங்கள் நினைக்கும்வரை நிலவறையிலேயே வைத்திருப்பார்கள். 1993 முதல் அதன் உரிமையாளர் பிரான்சின் பெரும் பணக்காரர்களில் ஒருவரான பிரான்சுவா பினோ. காத்திருக்க அவரால் முடியும்.

சித்தூர்க்காரருக்கு அது முடியவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மாம்பழம்தான் காத்திருக்காது, மாங்கூழ் காத்திருக்கும். சூடாக்கிக் கிருமி நீக்கிய பையில் அடைத்து டிரம்மில் வைத்தால் ஓராண்டுக்கு மேலும் கெடாது. 2025இல் விலை விழுந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, முந்திய ஆண்டின் கூழ் கிடங்குகளில் தேங்கிக் கிடந்தது. அதாவது போன வருஷத்துப் பழமே இந்த வருஷத்துப் பழத்தின் விலையைக் குறைத்தது. காலம் கிடங்குச் சாவி வைத்திருப்பவர் பக்கம் நின்றது.

பிரான்சிலும் எல்லோரும் லத்தூர் அல்ல. தெற்கே லாங்தோக்கில் 1907இல் விலை பாதாளத்துக்குப் போனபோது சிறு விவசாயிகள் லட்சக்கணக்கில் மோன்பெலியே தெருக்களில் திரண்டார்கள். நார்போனில் ராணுவம் சுட்டதில் உயிர்கள் போயின. அந்தக் கொந்தளிப்புக்குப் பின் அங்கே கூட்டுறவு நிலவறைகள் ஊருக்கு ஊர் பெருகின. தனியாளால் வாங்க முடியாத தொட்டிகளைப் பலர் சேர்ந்து வாங்கினார்கள். இன்றும் பிரெஞ்சு ஒயினில் கணிசமான பங்கு கூட்டுறவுகளிலிருந்தே வருகிறது. அவர்கள் வாங்கியது தொட்டியை மட்டுமல்ல, அவசரமாக விற்காமலிருக்கும் உரிமையையும்தான்.

4 ரூபாய் மானியம் ஒரு பருவத்தின் காயத்துக்குக் களிம்பு. அடுத்த ஜூலையிலும் மாமரம் காய்க்கும், டிராக்டர் வரும். ஆலைக்குள் இருக்கும் டிரம்களில் சிலவாவது வரிசையில் நிற்பவர்களுக்குச் சொந்தமாக இருந்தால், அன்றைக்குச் சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டிய நிலை இருக்காது. பெயரும் முதலும் உள்ள ஒரு சில தோட்டங்களுக்கு வாய்த்த பொறுமை, கூட்டாகச் சேர்ந்தால் சித்தூர்க்காரருக்கும் வாய்க்கும்.