நைட் ஷிப்ட் மீது சுமத்தும் பழி

ஊத்துக்கோட்டை வழியாக ராத்திரி பகலாக வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பெரியபாளையம் பக்கமிருந்து நாகலாபுரம், புத்தூர் தாண்டித் திருப்பதிக்குப் போகும் லாரிகளும் வேன்களும், கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை சிப்காட்டுகளுக்கும் எல்லைக்கு அப்பால் ஸ்ரீசிட்டிக்கும் ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்களும் இந்தப் பகுதியின் அன்றாடம். இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் உட்கார்ந்த இடத்திலேயே கண் அயர்ந்தால் காரணம் தேட வேண்டியதில்லை. நைட் ஷிப்ட் பார்க்கிறவர், அசதி இருக்கத்தானே செய்யும் என்று பேச்சு முடிந்துவிடுகிறது. அவரே வீட்டில் சத்தமாகக் குறட்டை விட்டால், உழைத்த உடம்பு அடித்துப் போட்டாற்போலத் தூங்குகிறது என்று வீட்டார் திருப்திப்படுகிறார்கள். இந்த இரண்டு நம்பிக்கைகளும் சேர்ந்து ஒரு நோயை மறைத்து வைத்திருக்கின்றன. டாக்டர்கள் அதை ஸ்லீப் அப்னியா என்கிறார்கள். உறக்கத்தில் வரும் மூச்சுத்தடை. இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-ல் வெளியிட்ட கணக்கின்படி, வயது வந்தவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்கு, அதாவது பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இப்படி ஒரு நோய் இருப்பதே தெரியாது.

குறட்டை ஆழ்ந்த தூக்கத்தின் அடையாளம் என்பதை முதலில் பார்ப்போம். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்கைச் சுற்றிய மென்மையான சதையும் பின்னால் சரிந்து மூச்சுப் பாதையைக் குறுக்குகின்றன. குறுகிய வழியில் காற்று உரசிக்கொண்டு போகும் சத்தமே குறட்டை. மோட்டாரில் மாட்டிய மெல்லிய ஓஸ் உறிஞ்சும் வேகத்தில் உள்ளுக்குள் ஒட்டிக்கொள்வதுபோல, சிலருக்கு அந்தப் பாதை முழுதாகவே மூடிக்கொள்கிறது. நெஞ்சு ஏறி இறங்குகிறது. காற்று மட்டும் போவதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை பதறிப்போய்ச் சில விநாடிகள் விழித்துத் தசைகளை இறுக்குகிறது. பெரிய திணறலோடு மூச்சு திரும்புகிறது. பிறகு மீண்டும் குறட்டை, மீண்டும் அடைப்பு. இப்படிப் பத்து விநாடிக்கு மேல் மூச்சு நிற்பதையும் வெகுவாகக் குறைவதையும் மணிக்கு எத்தனை முறை என்று எண்ணித்தான் நோயை அளக்கிறார்கள். ஐந்துக்குக் கீழே இருந்தால் பயமில்லை. பதினைந்துக்கு மேல் நடுத்தரம். முப்பதைத் தாண்டினால் தீவிரம். மணிக்கு முப்பது என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை மூளை எழுப்பப்படுகிறது. காலையில் அவருக்கு இது எதுவும் நினைவிருக்காது. எட்டு மணி நேரம் படுத்திருந்தவர் எட்டு மணி நேரம் தூங்கினார் என்று சொல்ல முடியாதது இதனால்தான். குறட்டை விடுகிற எல்லோருக்கும் இந்த நோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. குறட்டைக்கு நடுவே திடீரென்று நிசப்தம், அதன்பின் மூச்சுக்குத் தவிக்கும் சத்தம் என்று வந்தால், அதை நிம்மதியான தூக்கம் என்று விட்டுவிடக் கூடாது.

அடுத்தது, இந்தத் தொழிற்பேட்டைப் பகுதியில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வாதம்: பகல் தூக்கத்துக்கு ஷிப்ட்தான் காரணம். இதில் உண்மை இருக்கிறது. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறினால் உடம்பின் உள்கடிகாரம் குழம்பத்தான் செய்யும். தகர ஷீட் போட்ட அறையில் பகல் வெயிலில் யாராலும் சரியாகத் தூங்க முடியாது. ஆனால் ஷிப்ட் ஒரு காரணம் என்பதால் வேறு காரணமே கிடையாது என்று ஆகிவிடாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஜெனரல் ஷிப்ட் வாரத்திலோ நீண்ட விடுப்பிலோ தொடர்ந்து சில நாட்கள் ஏழெட்டு மணி நேரம் தூங்கியும் எழும்போது உடம்பு கனத்துக் கிடக்கிறதா, தலை வலிக்கிறதா, வாய் வறண்டிருக்கிறதா என்று கவனித்தால் போதும். ஷிப்ட் அசதி ஓய்வில் தெளியும், மூச்சுத்தடை தெளியாது. இன்னொரு அடையாளம், இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீருக்கு எழுவது. மூடிய தொண்டைக்கு எதிராக நெஞ்சு இழுக்கும்போது இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. ரத்தம் கூடிவிட்டது என்று தவறாக எண்ணிக்கொண்டு இதயம் சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. சர்க்கரை இருப்பவர்கள் இதைச் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். மூன்று வகை மாத்திரை போட்டும் இறங்காத ரத்த அழுத்தத்துக்குப் பின்னாலும் இந்த நோய் ஒளிந்திருப்பது உண்டு. அசதிக்கு மருந்து என்று ஒரு குவார்ட்டரைப் போட்டுவிட்டுப் படுப்பது நிலைமையை மோசமாக்குகிறது. மது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்துவதால் அன்றிரவு மூச்சு நிற்கும் நேரம் நீள்கிறது. தானாகக் கடையில் வாங்கிப் போடும் தூக்க மாத்திரையிலும் இதே ஆபத்து உண்டு.

இது குண்டான ஆண்களுக்கு வருவது, நமக்கில்லை என்ற பேச்சும் நிற்காது. எடை பெரிய காரணம்தான். அமெரிக்காவின் விஸ்கான்சினில் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், எடை பத்து சதவீதம் குறைந்தவர்களுக்கு மூச்சுத்தடை எண்ணிக்கை சுமார் 26 சதவீதம் குறைந்தது. ஆனால் நம்மவர்களின் முக எலும்பமைப்பும் சிறிய தாடையும் சேர்ந்து, பார்க்க ஒல்லியாக இருப்பவருக்கும் பாதையைக் குறுக்கிவிடுகின்றன. 2008-ல் டொரான்டோ மருத்துவர்கள் உருவாக்கிய எட்டுக் கேள்விப் பட்டியல் உலகம் முழுதும் பயன்படுகிறது. குறட்டை, களைப்பு, மூச்சு நின்றதைப் பிறர் பார்த்தது, ரத்த அழுத்தம், உடல் பருமன், வயது ஐம்பதுக்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல், ஆண் என்பவை அதன் எட்டு அம்சங்கள். மூன்றுக்கோ அதற்கு மேலோ ஆம் என்றால் சந்தேகிக்க வேண்டும். பயனுள்ள பட்டியல்தான்; ஆனால் அதில் பருமனுக்கு வைத்த அளவு, உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ 35. இந்தியர்களுக்கு 25-லேயே பருமன் என்று நம் மருத்துவர்கள் வகுத்திருக்கும்போது, அந்தக் கட்டத்தில் இல்லை என்று குறித்துவிட்டு நிம்மதியாக இருப்பது தவறு. பெண்கள் இன்னும் கூடுதலாகத் தவறவிடப்படுகிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு அவர்களுக்கும் இந்த நோய் கூடுகிறது. ஆனால் தூக்கமின்மை, காலைத் தலைவலி, தீராத களைப்பு என்று வெளிப்படுவதால் ரத்தசோகைக்கோ மனச்சோர்வுக்கோ மட்டும் மருந்து தரப்படுகிறது. வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கும் குழந்தைக்கு டான்சில், அடினாய்டு வீக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சிகிச்சையைப் பற்றிய எதிர்ப்புகள்தான் வலுவானவை. மூக்கில் மாஸ்க் மாட்டிக் காற்றழுத்தம் தரும் சிபாப் கருவியை 1981-ல் சிட்னியில் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்தினார். அந்த மெல்லிய காற்றழுத்தம் தொண்டை மூடாமல் தாங்கிப் பிடிக்கிறது. மருந்து எதுவும் இல்லை. இதை மாட்டினாலும் ஆயுள் கூடாது என்பவர்கள் 2016-ல் வெளியான சேவ் ஆய்வைக் காட்டுகிறார்கள். இந்தியா உட்பட ஏழு நாடுகளில், ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,717 பேரிடம் நடந்த அந்த ஆய்வில், கருவி மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்கவில்லை. இந்த முடிவை மறைக்கக் கூடாது. சிபாப் போட்டால் மாரடைப்பு வராது என்று விளம்பரம் செய்வது பொய். ஆனால் அதே ஆய்வில் கருவியைச் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான் பயன்படுத்தினார்கள். கடுமையாகத் தூங்கி வழிகிறவர்களை ஆய்வில் சேர்க்கவே இல்லை. அப்படியும் பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை தெளிந்தது, வேலைக்கு வராத நாட்கள் குறைந்தன. ஸ்டியரிங்கில் கண் சொருகுகிற டிரைவருக்குத் தேவையானது இந்த விழிப்புதான். அமெரிக்காவின் ஷ்னைடர் லாரி நிறுவனத்தில் நோய் கண்டறிந்த டிரைவர்களுக்கு நிறுவனமே சிகிச்சை தந்தது. அந்தச் சிகிச்சையைப் பின்பற்றாதவர்கள் தவிர்த்திருக்கக்கூடிய பெரிய விபத்துகளில் சிக்கியது, நோயில்லாத டிரைவர்களைப்போல ஐந்து மடங்கு என்று 2016-ல் வந்த ஆய்வு காட்டியது. ஒழுங்காகக் கருவியைப் பயன்படுத்தியவர்களின் விபத்துக் கணக்கு நோயில்லாதவர்களின் கணக்கோடு ஒத்துப்போனது.

செலவு உண்மையான தடை. கருவிக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது மாதக்கணக்கான சம்பளம். ஆனால் நோய் இருக்கிறதா என்று பார்க்க எல்லோருக்கும் ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி லேப் தேவையில்லை. சந்தேகம் வலுவாக இருந்து வேறு சிக்கல் இல்லாதவருக்கு, மூச்சு, நெஞ்சசைவு, ஆக்சிஜன், நாடித்துடிப்பு இவற்றைப் பதியும் சிறு கருவியை வீட்டிலேயே கட்டிப் பார்க்கலாம். நைட் ஷிப்ட்காரர் தான் தூங்கும் பகல் நேரத்திலேயே இதைச் செய்யலாம். லேசான நிலையில் எடைக் குறைப்பு, மதுவைத் தவிர்ப்பது, ஒருக்களித்துப் படுப்பது, கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்து வைக்கும் பல் கிளிப் ஆகியவை உதவும். பருமனும் நடுத்தர அல்லது தீவிர நோயும் சேர்ந்தவர்களுக்கு எடையைக் குறைக்கும் டிர்செபடைடு ஊசியை அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதித்திருக்கிறது. ஆனால் அது இப்போதைக்கு ஏழைகளின் கைக்கெட்டும் விலையில் இல்லை.

நோய் என்று எழுதிக் கொடுத்தால் லைசென்ஸ் போய்விடும், வேலை போய்விடும் என்ற பயம் டிரைவர்களை வாய் திறக்க விடுவதில்லை. பிரிட்டனில் தூக்கம் மிகுந்த ஸ்லீப் அப்னியாவை உரிம அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சிகிச்சையில் கட்டுப்பட்டதும் மீண்டும் ஓட்டலாம். நம் உரிமத்துக்கான மருத்துவச் சான்றிதழில் பார்வையும் வலிப்பும் கேட்கப்படுகின்றன, தூக்கத்தில் மூச்சு நிற்பது கேட்கப்படுவதில்லை. அந்தக் கேள்வியைச் சேர்க்கும்போதே சிகிச்சைக்குப் பின் வேலை உண்டு என்ற உறுதியும் சேர வேண்டும்; இல்லாவிட்டால் எல்லோரும் இல்லை என்றே எழுதுவார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். அவர்கள் நோயாளியின் மனைவியிடமோ அம்மாவிடமோ மூன்று கேள்வி கேட்கலாம்: குறட்டை நடுவில் நிற்கிறதா, திணறி எழுகிறாரா, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுகிறாரா? ஆம் என்று பதில் வந்தால் அன்றிரவே கைப்பேசியில் பத்து நிமிடம் அந்தக் குறட்டையைப் பதிவு செய்து, திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ டாக்டரிடம் போட்டுக் காட்டச் சொல்லலாம்.