ஒரு நாளுக்கு ஒரு கூடம்

சென்னையை இரண்டு நாள்களில் பார்த்துவிட வருபவர்களின் கையில் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் இருக்கிறது: மெரினா, கோட்டை, சாந்தோம், கபாலீசுவரர் கோயில், எழும்பூர் அருங்காட்சியகம், நேரமிருந்தால் மாமல்லபுரம். இவற்றில் பார்க்கத் தகாத இடம் எதுவுமில்லை. ஆனால் எதையும் விட்டுவிடக் கூடாது என்னும் பதற்றத்தில் அருங்காட்சியகத்திற்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கி, குழந்தைகளுக்குத் திமிங்கில எலும்புக்கூட்டைக் காட்டிவிட்டு வெளியேறி விடுகிறோம்.

1851-இல் தொடங்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்கள் உள்ளன. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த பொருள்கள் உள்ளன. அனைத்தையும் ஒரே நாளில் பார்க்க முயல்வது, நூலகத்துக்குள் நுழைந்து எல்லாப் புத்தகங்களின் அட்டைகளையும் தடவிவிட்டுத் திரும்புவதைப் போன்றது. ஒரு நாள்தான் கைவசம் உண்டென்றால், செப்புத் திருமேனிகளின் கூடத்தை மட்டும் பார்த்தால் போதும் என்பதே எங்கள் கருத்து.

காரணம் இருக்கிறது. கோயிலில் உற்சவ மூர்த்தியைப் பட்டும் மாலையும் நகையுமாகவே தரிசிக்கிறோம். மெழுகில் உருச்செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகம் வார்த்த சிற்பியின் கைத்திறன் அந்த அலங்காரத்துக்குள் மறைந்துவிடுகிறது. திருவாலங்காட்டு நடராசரின் இடை வளைவையும், ஊன்றிய காலும் தூக்கிய திருவடியும் கொண்டுள்ள சமநிலையையும் எழும்பூரில்தான் தடையின்றிக் காண முடிகிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோதென் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சென்னை அருங்காட்சியக நடராசரின் புகைப்படங்களைப் பார்த்தே அவர் எழுதிய கட்டுரை, அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் 1921-இல் வெளிவந்தது. புகைப்படத்துக்கு அவர் கொடுத்த நேரத்தை, நேரில் நிற்கும் திருமேனிக்கு நாம் கொடுப்பதில்லை.

வழிபாட்டிலிருந்து பிரித்து வைத்த திருமேனி வெறும் காட்சிப்பொருள்தானே என்று நண்பர்கள் சிலர் மறுப்பர். அதில் பாதி உண்மை. அத்திருமேனிகளின் பீடங்களைக் குனிந்து பாருங்கள். துளைகளும் வளையங்களும் தென்படும். கழி செருகித் தூக்கிச் செல்வதற்கானவை அவை. ஓரிடத்தில் நிற்பதற்கென்று மட்டும் வார்க்கப்பட்ட உருவங்கள் அல்ல இவை. வீதியில் அசைந்து வருவதற்காகவும் வார்க்கப்பட்டவை. ஆகவேதான் காலையில் எழும்பூர், மாலையில் மயிலாப்பூர் என்கிறோம். பிரதோஷ நாளாக அமைந்தால் மிக நல்லது. ரிஷப வாகனத்தில் இறைவன் பிரகாரம் சுற்றி வரும்போது, காலையில் அசையாமல் நின்ற உலோகம் சுமப்பவர்களின் நடைக்கேற்ப ஆடுவதைக் காணலாம். ஒன்றில் உடல் தெரிகிறது. மற்றொன்றில் அந்த உடல் எதற்காகச் செய்யப்பட்டது என்பது தெரிகிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தவர் சோழர் கலையைப் பற்றி ஏதோ ஒன்றை உறுதியாகத் தெரிந்துகொண்டவராகிறார்.

கோட்டையும் சாந்தோமும் அடுத்த பயணத்திற்கு இருக்கட்டும். செப்புத் திருமேனிகளைவிட அமராவதியே முதலில் பார்க்கத் தக்கது என்று வாதிடுபவர்கள் இருப்பார்கள். அவர்களோடு வாதிட எங்களுக்கு மிகவும் விருப்பம். அந்த ஒரு கூடத்திலேயே ஒரு முழுக் காலைப்பொழுதைக் கழித்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.