மாலைநேரத்தின் கணக்கு

வங்கியில் பணிபுரிவோர்க்கு மாலை என்பது நெடுங்காலமாகக் கணக்கு முடிக்கும் வேளையாகவே இருந்து வருகிறது. ரொக்கம் சரிபார்த்து, பெட்டக அறையைப் பூட்டி, மீதமுள்ள கோப்புகளில் கையெழுத்திட்டு நிமிர்ந்தால் வெளியே இருட்டியிருக்கும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக எனக்கும் அவ்வாறே கழிந்தது. கோலார் தங்கவயல் பகுதிக்கு மாற்றலாகி, பேத்தமங்களாவில் குடியேறிய பின்னர்தான் மாலை என்றொரு பொழுது உண்டு என்பதை மறுபடியும் அறிந்தேன்.

என் வீட்டிலிருந்து ஏரிக்கரை நடந்து போகும் தொலைவு. பணி முடிந்து வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு கரைமேல் ஏறிவிடுவேன். சித்திரை வெயிலில் நண்பகலெல்லாம் கடைத்தெரு கண்ணயர்ந்து கிடக்கும். ஐந்து மணிக்கு மேல்தான் ஊர் விழிக்கும். பால் கூட்டுறவுச் சங்கத்தின் முன் தூக்குகளும் கேன்களும் வரிசையில் நிற்கும். அவற்றுக்கு உரியவர்கள் எதிர்ப்புறத் தேநீர்க் கடையில் நிற்பார்கள். அங்கு ஒரு வேடிக்கைப் பேச்சு தெலுங்கில் தொடங்கிக் கன்னடத்தில் வளர்ந்து தமிழில் சிரிப்பாக முடியும். முளபாகல் தோசை முளபாகலில்தான் நன்றாக இருக்குமா, இங்கேயும் நன்றாகத்தான் இருக்கிறதா என்ற வழக்கு நான் வந்த நாள் முதல் தீர்ப்பின்றி நடந்துகொண்டிருக்கிறது. (என் வாக்கு முளபாகலுக்கே. வாடிக்கையாளர்கள் பொறுத்தருள்க.)

இந்த ஏரி பாலாற்றின் நீர். வேலூர், வாணியம்பாடி, ஆம்பூர் வாசகர்கள் தங்கள் ஊரில் பெரும்பாலும் மணலாகவே பார்க்கும் ஆறு, இங்கே ஏரியாக நின்று பிறகு நகர்கிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கம் முதல் தங்கச் சுரங்கங்களுக்கும் அங்கு வாழ்ந்த மக்களுக்கும் இங்கிருந்துதான் குழாய் வழியே நீர் சென்றது. 2021 நவம்பர் மழையில் கோலார் மாவட்டத்து ஏரிகள் நிரம்பி வழிந்தபோது, தண்ணீர் பார்ப்பதற்கென்றே குடும்பம் குடும்பமாக மக்கள் வந்தனர். நிறைந்த ஏரியைப் பார்த்து நிற்பதைத் தவிர அவர்களுக்கு அங்கு வேறு அலுவல் இல்லை. ஒருவரும் அதை வீண்பொழுது என்று சொல்லவும் இல்லை.

ஆனால், மற்ற நாள்களில் கரைமேல் அமர்ந்திருப்பவரைப் பார்த்து, ‘சும்மா உட்கார்ந்திருக்கிறார்’ என்கிறோம். இந்தச் ‘சும்மா’ என்னும் சொல்லைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன்.

என் தந்தையார் சுரங்கத் தொழிலாளி. தங்கவயலின் லைன் வீடுகளில் வளர்ந்த எவருக்கும் ஷிப்டு என்னும் சொல்லை விளக்க வேண்டியதில்லை. இரவு ஷிப்டு நடக்கும் வாரங்களில் அவர் பகலில் உறங்குவார். நாங்கள் பூனைபோல் நடப்போம். ‘அப்பா நைட் ஷிப்டு’ என்று அம்மா உதட்டில் விரல் வைத்தால் தெருப்பிள்ளைகளும் வாய் மூடுவார்கள். 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே கால்பதித்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. அந்த ஆழத்தின் வெப்பத்தைத் தாங்க முடியாமல் குளிர்வித்த காற்றை உள்ளே செலுத்த வேண்டியிருந்தது. இப்பெருமைகளை எல்லாரும் எழுதிவிட்டனர். அந்தத் தொழிலாளர்களுக்குத் தொடர்ச்சியாக ஒரு மாதம் மாலைப்பொழுது வாய்த்ததா என்று எழுதியவரை நான் கண்டதில்லை.

2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு சுரங்கங்கள் மூடப்பட்டன. வாழ்நாள் முழுவதும் கிடைக்காத ஓய்வு என் தந்தையார் கையில் ஒரே நாளில் மொத்தமாகக் கொட்டப்பட்டது. அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பழைய ஷிப்டு நேரத்தில் எழுவார்; குளித்து, உடை மாற்றி, திண்ணையில் அமர்ந்து வாயிலையே பார்ப்பார். நண்பர்கள் கூப்பிட்டாலும் போகமாட்டார். வருமானம் குறைந்த கவலை ஒருபுறம் இருந்தது உண்மை. அதற்கு இணையான இன்னொரு குறை, ஓய்ந்திருக்கும் பழக்கமே அவரிடம் இல்லாமற்போனது. அப்போது நான் வணிகவியல் பட்டம் பெற்று வேலை தேடிக்கொண்டிருந்தேன். அவருடைய அமைதியை ஓய்வென்று தவறாக எண்ணியிருந்தேன்.

சேமிப்பைப் போலவே ஓய்வும் சிறுகச் சிறுகச் செலுத்திப் பழக வேண்டிய ஒன்று என்று நான் நினைப்பது இதனால்தான். அறுபது வயதில் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைப்பவர்க்கு, எடுக்கும் நாளில் அதைச் செலவிடத் தெரிவதில்லை.

அடுத்த தலைமுறையின் நிலை வேறு. பொழுது புலருமுன் இருசக்கர வாகனத்தில் தங்கவயலுக்குச் சென்று, மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் பெங்களூர் ரயிலைப் பிடிக்கும் இளைஞர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. தங்கம் போன பிறகு தங்கவயலை வாழவைப்பது அந்த ரயில்தான் என்றால் மிகையாகாது. அதில் சீட்டாட்டம் உண்டு, பாட்டு உண்டு, உறக்கம் உண்டு, திருமணப் பேச்சு முடிந்ததும் உண்டு. இருந்தாலும் கணக்கு கணக்குதான். வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல்வரை போகவர நாளொன்றுக்கு 5 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 வேலைநாள். ஆக 125 மணி நேரம். ஆண்டுக்கு 1500 மணி, அதாவது இரவுபகலாக 62 நாள். ஊதியச் சீட்டில் பற்று வைக்கப்படாத செலவு இது.

என் கிளைக்கு வரும் ஓர் இளைஞருக்கு இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டினேன். உள்ளூரில் அவருக்குக் கிடைக்கக்கூடிய வேலையில் ஊதியம் மாதம் 6000 ரூபாய் குறைவு. அந்த ஆறாயிரத்தை 125ஆல் வகுத்தால் மணிக்கு 48 ரூபாய். “உங்கள் மாலையை மணிக்கு நாற்பத்தெட்டு ரூபாய்க்கு விற்கிறீர்கள். ரயில் கட்டணம் கழித்தால் இன்னும் குறையும்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “சார், எங்க வீட்டுல அந்த ஆறாயிரந்தான் தங்கச்சி காலேஜ் பீஸு” என்றார். நான் பேசாமல் கால்குலேட்டரை மேசைக்குள் வைத்துவிட்டேன். எவருக்கு உள்ளூரில் வேலையே இல்லையோ அவருக்கு என் வகுத்தல் கணக்கே பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மாலைப்பொழுதின் அருமையைப் பற்றி உபதேசிக்க, மாதச் சம்பளக்காரனாகிய எனக்கு உரிமை கொஞ்சந்தான் உண்டு.

ஆனால் தெரிந்தெடுக்க வழியுள்ளவர்களும் கணக்கிடாமலே விட்டுக்கொடுக்கிறார்கள். அங்குதான் எனக்கு வருத்தம். சென்ற ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அவர் யாரெனத் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எழுபதைக் கடந்தவர், முன்னாள் சுரங்கத் தொழிலாளி. வந்த பணத்தில் பேத்தமங்களாவில் சிறு வீடு கட்டிக்கொண்டவர். நாள்தோறும் கரைமேல் எனக்கு முன்னரே இருப்பார். நவம்பரில் ஓய்வூதியத்திற்கான உயிர்ச்சான்று கொடுக்க வந்தவர், கைரேகை பதிந்த பிறகும் எழுந்திருக்காமல் தயங்கினார். “என்ன ஐயா?” என்றேன்.

“பையன் பெங்களூர்ல பிளாட்டு வாங்கறான் சார். இந்த வீட்ட வித்து, டெபாசிட்டையும் எடுத்துக் குடுத்துட்டு அங்கயே வந்துடுங்கன்றான். ‘அங்க சும்மாதானேப்பா உக்காந்திருக்கீங்க’ன்னு கேக்கறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியல.”

மகன் கெட்டவரல்லர். தந்தை தனியே இருக்கிறாரே என்ற கவலையும் அதில் உண்டு. ஆயினும் ஒரு வங்கி அதிகாரியாக நான் செய்யக்கூடியது, அந்தச் ‘சும்மா’வின் விலையைத் தாளில் எழுதிக் காட்டுவதே என்று தோன்றியது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 9 இலட்சம் ரூபாய் இருந்தால், 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்திற்கு ஒருமுறை 18,450 ரூபாய் வரும், மாதத்திற்கு 6150. அதனுடன் சிறிய ஓய்வூதியம். சொந்த வீடு, வாடகை இல்லை. கொல்லையில் முருங்கை. இந்த ஊரில் அவர் யாரிடமும் கைநீட்டாமல் தேநீர் வாங்கிக்கொடுக்கும் நிலையில் இருக்கிறார். பிளாட்டில் முதல் போடும் நாளில் அந்த வட்டி நின்றுவிடும். அதன் பிறகு தேநீருக்கும் மகனிடம் கேட்க வேண்டும். மகன் மறுக்கமாட்டார், ஆனால் கேட்பது என்பது கேட்பதுதான். கொடுத்த பணத்திற்குப் பத்திரத்தில் தம் பெயர் இருக்குமா என்பதையும் அவர் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றேன். அந்த இடத்தில் அவர் முகம் வாடியது. சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இன்றும் யோசிக்கிறேன்.

ஒரு தாளில் இரண்டு பத்திகளாக எழுதிக் கொடுத்தேன். ஒன்றில் வட்டி, ஓய்வூதியம், மாதச் செலவு. மற்றதில் தொகையே இல்லாதவை: காலையில் நாளிதழ் படித்துக் காட்டும் நண்பர், சொல்லாமலே சர்க்கரை குறைத்துத் தரும் தேநீர்க் கடைக்காரர், கடனாய்க் காய்கறி தரும் அம்மா, இரவில் நெஞ்சு வலித்தால் கதவைத் தட்டக்கூடிய நான்கு வீடுகள். இரண்டாம் பத்தியைக் கூட்ட முடியாது என்பதால் கூட்டுத்தொகையின் இடத்தைக் காலியாக விட்டேன். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “பையன் வரட்டும், காட்டறேன்” என்றார்.

இரு மாதம் கழித்து மகனையும் அழைத்து வந்தார். வீட்டை விற்கவில்லை, வைப்புத்தொகையில் இரண்டு இலட்சத்தை மட்டும் மகனுக்கு எடுத்துக் கொடுப்பதாக முடிவு செய்திருந்தார்கள். முதிர்வுக்கு முன் எடுப்பதால் பிடித்தம் உண்டு என்பதை எடுத்துச் சொன்னேன். அத்திட்டத்தில் ஒரு கணக்கிலிருந்து ஒரு பகுதியை மட்டும் எடுக்க முடியாதாகையால், தனித்தனியாக வைத்திருந்த கணக்குகளில் சிறியதை மூடினோம். மூத்த குடிமக்கள் பெருந்தொகையை ஒரே கணக்கில் இடாமல் பிரித்து வைப்பதில் இப்படியொரு வசதி இருக்கிறது. மகன் மாதம் இருமுறை வந்துபோவதாகச் சொன்னார். வருகிறாரா என்று நான் விசாரிக்கவில்லை. கரைமேல் பார்க்கும்போது பெரியவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நீர் எத்தனை படி இறங்கியிருக்கிறது என்பதையே பேசுவார்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இவ்வாண்டு நான் பதவி உயர்வுத் தேர்வு எழுதும் தகுதி பெற்றிருந்தேன். தேறினால் பெருநகரம் ஒன்றிற்கு மாற்றல் உறுதி. சக அலுவலர்கள், ‘இந்த வயதில் விட்டால் எந்த வயதில் பிடிப்பாய்?’ என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஊதிய வேறுபாட்டை எழுதினேன். நகர வாடகையைக் கழித்தேன். மீதியை, நான் இழக்கவிருக்கும் மாலைகளால் வகுத்தேன். நாற்பத்தெட்டு ரூபாயை விட அதிகமாகத்தான் வந்தது. இருந்தும் எனக்குப் போதவில்லை.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் சென்ற வெள்ளிக்கிழமை. நான் விண்ணப்பிக்கவில்லை. மனைவி இன்னும் முழுமையாக ஒப்பவில்லை. மகள் கல்லூரியில் சேரும் ஆண்டில் அந்தத் தாளைத் திரும்பவும் எடுத்துக் கூட்டிப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார். எடுத்துத்தான் ஆகவேண்டும். அதற்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன.